முகம் காணாத கூட்டாளி



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாம்புரிப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றப் போயிருந்தேன். கற்பிட்டிக் குடாநாட்டின் அந்த ஒடுங்கிய நிலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணலும் தென்னையும் வெங்காயப் பாத்திகளும். சோளகம் எழும்பிவிட்டபடியால் காற்றாலைகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தன. பூசை முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் அறை வாசலில் வந்து நின்றார்.

"சுவாமி, செத்த ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவேணும்."

கருத்துப் புத்தகத்தைத் திறந்து பெயரைக் கேட்டேன். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். என்ன உறவு என்றேன்.

"உறவில்ல சுவாமி. மகள்ட கூட்டாளி."

"எந்த ஊர்?"

"தெரியாது சுவாமி. இந்தியாப் பிள்ளையெண்டு மட்டும் தெரியும். நான் கண்டதில்ல. மகளும் கண்டதில்ல. போனிலதான் பழக்கம்."

என் பேனை நின்றுவிட்டது. அந்தத் தாய் நான் தயங்குவதைக் கண்டு, நிலத்திலே அமர்ந்து மிகுதியைச் சொன்னார்.

மகள் வளைகுடா நாடொன்றில் ஆறு ஆண்டுகளாக வீட்டுப் பணிப்பெண். வீட்டைவிட்டு வெளியே போக அனுமதியில்லை. ஞாயிறு பூசையும் இல்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு கைத்தொலைபேசி கையில் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு மணித்தியாலத்தில், அதே நாட்டிலே வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் சேர்ந்த ஒரு குழுவில் இவளும் சேர்ந்தாள். அங்கே அறிமுகமானவள்தான் அந்தப் பெண். நான்கு ஆண்டுகள் இருவரும் பேசாத இரவில்லை. இருவரும் வேலை செய்த வீடுகளுக்கிடையே காரில் அரை மணித்தியாலத் தூரம்தானாம். ஒரு நாளும் சந்திக்க முடியவில்லை.

பிறகு இந்தத் தாயின் கண்ணில் வெண்புரை படர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குரிய வில்லையை வெளியே பணம் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. மகளுக்கோ நான்கு மாதச் சம்பளம் நிலுவை. விஷயம் கேள்விப்பட்ட அந்தக் கூட்டாளி தன் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை யாரோ ஒருவர் மூலம் அனுப்பிவைத்தாள். "அந்தப் பிள்ளைட காசிலதான் சுவாமி, இப்ப உங்கட முகத்தைப் பார்த்துக் கதைக்கிறன்" என்றார் அந்தத் தாய். இரண்டு கிழமைக்கு முன் அவள் எண்ணிலிருந்து பதில் நின்றுபோயிற்று. அவள் இறந்துவிட்டாள் என்று குழுவிலிருந்த வேறொரு பெண் அறிவித்தாள். எப்படி, ஏன், உடலை ஊருக்கு அனுப்பினார்களா, எதுவும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் சமயம் எது என்று நான் கேட்கவில்லை. உயிரோடிருப்போர், இறந்தோர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம் 901. பெயரை எழுதிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான், கைத்தொலைபேசியில் நட்புத் தேடும் நம் பிள்ளைகளைக் கண்டித்து இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். பெற்றோர் சிலர் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள். அன்றிரவு அதை எடுத்துத் திரும்ப வாசித்தேன். எழுதியவற்றுள் பெரும்பகுதி இன்னமும் சரியென்றே பட்டது. ஆனால் அந்தத் தாயின் மகளுக்கு அதில் ஓரிடமும் இருக்கவில்லை. ஆகவே இந்தக் கேள்வியை மறுபடியும், இம்முறை சற்று நிதானமாக, உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். முகத்தைக் காணாத ஒருவரோடு உண்மையான நட்புக் கொள்ள முடியுமா?

தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. கோப்பெருஞ்சோழன் உறையூரில் அரசன். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் புலவர். ஒருவரையொருவர் கண்டதில்லை. கேள்விப்பட்டே அன்பு கொண்டார்கள். மக்களோடு மாறுபட்ட சோழன், அரசைத் துறந்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் விடுங்கள் என்றான். ஒரு நாளும் காணாதவர் இவ்வளவு தூரம் வருவாரா என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார். வந்து, அந்த இடத்திலே இருந்தார். (உண்ணாதிருந்து உயிர்விடும் வழக்கத்தைத் திருச்சபை ஏற்காது என்பது வேறு விஷயம்.) நட்புக்குக் கூடியிருத்தலும் நெடுநாட் பழக்கமும் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்று கருதிய வள்ளுவரின் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், இவ்விருவரையே சான்றாகக் காட்டுகிறார்.

புறநானூற்றில் இவர்களுடைய பாடல்களை இன்று எவரும் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். அதற்கும் முகம் காணா நட்பே காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் முயற்சியில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள், பலர் ஒருவரையொருவர் பாராமலே, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழை பார்த்து, ஊதியமின்றி உலகுக்கு அளித்தார்கள். சுவிற்சர்லாந்தில் இருந்து அதை நெறிப்படுத்தியவர் கலாநிதி கு. கல்யாணசுந்தரம். இப்படிப்பட்டவர்களை வெறும் பொழுதுபோக்குக் கூட்டம் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் பிசிராந்தையார் கதையில் பள்ளிக்கூடத்தில் நாம் கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. காணாமலே நேசித்தார்கள் என்பதை வியக்கிறோம். அந்த நேசம் காணாமலே இருக்கச் சம்மதிக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அரசன் கேட்டது நிலத்திலே ஓர் ஆள் அமரும் இடம். புலவர் கொடுத்தது கால் நடை.

குருமடத்தில் மெய்யியல் படித்தபோது அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியல் நூலில் எட்டாம் புத்தகம் எங்களுக்குப் பாடம். நட்பை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, ஒருவரது நன்மையையே விரும்பும் நட்பு. முதலிரண்டும் பயனோ இன்பமோ தீர்ந்ததும் தீரும். மூன்றாவது அரிது, அதற்குக் காலமும் பழக்கமும் வேண்டும் என்கிறார். இருவர் சேர்ந்து உப்புத் தின்னும்வரை ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற கிரேக்கப் பழமொழியையும் அங்கே எடுத்துக் காட்டுகிறார். உப்பளங்களுக்கு நடுவே வாழும் புத்தளத்தாருக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. உப்பு ஒரு நாளில் விளைவதில்லை. பாத்தியில் நீரைக் கட்டி, வெயிலுக்கு விட்டு, காத்திருந்து வாரவேண்டும்.

நம் கரையோர மக்கள் நண்பனைக் கூட்டாளி என்கிறார்கள். படித்தவர்கள் அதைக் கொச்சை என்பார்கள். எனக்கோ நண்பன் என்ற சொல்லைவிட அது பிடிக்கும். கரைவலை இழுப்பவர்கள் பட்ட மீனிலே பங்கு கொள்கிறார்கள். படாத நாளில் வெறுங்கையையும் சேர்ந்தே பங்கிடுகிறார்கள். கூட்டு என்றால் அதுதான். முகநூல் 2004ஆம் ஆண்டில் தொடங்கியபோது நண்பன் என்ற சொல்லை எண்ணிக்கைக்குரிய ஒன்றாக்கிவிட்டது. ஒருவர் அதிலே 5,000 நண்பர்வரை சேர்க்கலாம். ஐயாயிரம் பேரோடு வலை இழுக்கலாம். ஐயாயிரம் பேரோடு நட்டத்தைப் பங்கிட்டவர் எவரேனும் உண்டா?

இந்த அளவுகோலை எடுத்து அந்தப் பணிப்பெண்ணின் கதையை அளந்து பாருங்கள். அவளும் கூட்டாளியும் ஒரு மேசையில் உண்டதில்லை. ஆயினும் அவள் தன் உப்பைப் பிட்டுக் கொடுத்திருக்கிறாள். தன் குழந்தைகளுக்குப் போகவேண்டிய சம்பளத்தில் ஒரு பங்கு, முன்பின் அறியாத ஒரு தாயின் கண்ணுக்குப் போயிருக்கிறது. அவர்கள் சந்திக்காதது விருப்பமின்மையால் அல்ல, கதவு பூட்டியிருந்ததால். வர முடியாதவளையும் வர மனமில்லாதவனையும் ஒரே தராசில் போட்டதுதான் என் முந்திய கட்டுரையின் குற்றம்.

திருச்சபையின் கதையும் கடிதத்தால் தொடங்கிய நட்புகள் நிறைந்ததே. புனித சின்னப்பர் உரோமையருக்குத் தம் நிருபத்தை எழுதியபோது அந்நகரைக் கண்டதில்லை. சிலரை வேறிடங்களில் அறிந்திருந்தார், பெரும்பாலோரை அறியார். இருந்தும் உங்களைக் காண ஏங்குகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்கிறார். சில ஆண்டுகளின் பின், கைதியாக, கடலில் கப்பலுடைந்து, சங்கிலியோடு உரோமை நோக்கி வருகிறார். செய்தி கேட்ட சகோதரர்கள் அப்பியு சந்தைவரை எதிர்கொண்டு வந்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் பணி, 28ஆம் அதிகாரம். அது நகரிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். அவர்களைக் கண்டபோதுதான் சின்னப்பர் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டாராம். புயலிலும் பாம்புக் கடியிலும் கலங்காத அந்த மனிதருக்கும் தெருவிலே நிற்கும் முகங்கள் தேவைப்பட்டன! புனித அருளப்பரும் தம் சிறு நிருபங்கள் இரண்டில், தாளும் மையும் போதாது, நேரில் வந்து பேசுவேன் என்றே முடிக்கிறார்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நாங்கள் வெற்று ஆலயத்தில் ஒளிப்படக் கருவியைப் பார்த்துப் பூசை செய்தோம். நீங்கள் வீட்டிலிருந்து அதைப் பார்த்தீர்கள். பலருக்கு அது ஆறுதல் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் நற்கருணையை அதன்வழி அனுப்ப எங்களால் முடிந்ததா? இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் ஏடு ஒன்று தெளிவுபடுத்தியிருந்தது. தண்ணீர், எண்ணெய், அப்பம், கை வைத்தல்: இறைவன் நம்மைத் தொடுவதற்குத் தேர்ந்தவை இவை. மனித நட்பும் இந்த விஷயத்தில் இறைவனுடைய வழியைவிட்டு வெகுதூரம் போய்விட முடியாது.

முகம் காணாத பேச்சில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. அதைப் பரிசுத்தவான்களே பட்டு அனுபவித்திருக்கிறார்கள். ஆபிரிக்காவில் புனித அகுஸ்தினாரும் பெத்லகேமில் புனித எரோணிமுசும் வாழ்நாளில் சந்திக்கவேயில்லை. ஏறத்தாழ 397ஆம் ஆண்டில், கலாத்தியர் நிருப விளக்கம் ஒன்றைப் பற்றி அகுஸ்தினார் மாறுபட்ட கருத்தைக் கடிதமாக எழுதினார். அது பெத்லகேமைச் சேருமுன் பிரதிகளாகி இத்தாலியில் பலர் கைக்குப் போய்விட்டது. அகுஸ்தினார் உம்மைத் தாக்கிப் புத்தகம் எழுதி உரோமைக்கு அனுப்பினார் என்று எரோணிமுசுக்கு யாரோ சொன்னார்கள். முதியவரின் மனம் புண்பட்டது. கடிதம் உம்முடையதுதானா என்றே கேட்டெழுதினார். அதைச் சீர்செய்ய ஆண்டுகள் பிடித்தன. இருவரும் வேத வித்தகர்கள், இருவரும் புனிதர்கள்! ஒரு முற்றத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்தால் ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்திருக்கும்.

நம் மாவட்டத்தில் அப்படி மெல்லத் தீர்வதற்குக் காலம் இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று நம் ஆலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். மூன்று வாரங்களின் பின், மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் இட்ட ஒரு வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். சிரித்தவர்களைப் பார்த்து ஒரு நாள் அழுவீர்கள் என்று சொன்ன வரி அது. அது கைக்குக் கை மாறிற்று. கூட்டம் கூடிற்று. கடைகளும் பள்ளிவாசலும் கல்லெறிபட்டன. மறுநாள் அது குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. நாத்தாண்டியாப் பக்கம் ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கூட்டங்களில் நம் ஆலயங்களில் முழந்தாளிடுகிறவர்கள் ஒருவரும் இருக்கவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் அகப்பட்டதோடு வந்து தங்கியது இந்தப் புத்தளம் கரையில்தான். அவர்களோடு ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் பயணம் செய்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அயலவனை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கடவுள் கொண்டுவந்து பக்கத்து வளவில் இருத்துகிறார். தொலைபேசியில் வரும் நண்பனையோ நாமே தேர்கிறோம். நம்மைப் போலப் பேசுகிறவனைத் தேர்கிறோம். மாறுபட்டால் ஒரு விரலசைவில் நீக்கிவிடுகிறோம். இப்படித் தேர்ந்த ஆயிரம் பேர் ஒரே இரவில் ஒரே பொய்யைச் சொன்னால், பக்கத்து வளவு மனிதரை முப்பது ஆண்டுகளாக அறிந்திருந்தும் அறியாதவராகிவிடுகிறோம். என் மனத்தை இன்றும் உறுத்துவது இதுதான்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள், நீட்டவில்லை. அழகான படம், இனிய பேச்சு, சில மாதத்தில் பணம். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அந்தப் போலி நண்பனே சில வேளை ஓர் அடிமை. மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இத்தகைய மோசடி முகாம்களில் கட்டாயத்துக்குள்ளாகி இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் தெரிவித்தது. 2024இல் மியாவதிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் நம் நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். கணினி வேலை என்று நம்பிப் போய், அடியுதைக்கு அஞ்சி, அந்நியரிடம் அன்பு பேசியவர்கள். அந்தப் பக்கத்திலிருந்து உன்னை நேசிக்கிறேன் என்று எழுதியவன், தன் தாய்க்கு ஒரு வரி எழுத அனுமதியில்லாதவனாக இருந்திருக்கக் கூடும்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்பீர்கள். அன்று மாம்புரியில் அதே வீட்டிலேயே மறுபக்கத்தையும் கண்டேன். கருத்தைப் பதிந்தபின் அந்தத் தாய் தேநீருக்கு அழைத்துப் போனார். பத்தொன்பது வயது மகன் முற்றத்துத் தென்னையில் சாய்ந்து தொலைபேசியோடு இருந்தான். எனக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். கனடாவிலும் இத்தாலியிலும் கூட்டாளிகள் இருக்கிறார்களாம், பெருமையோடு சொன்னான். அக்காவோடு கடைசியாக எப்போது பேசினாய் என்றேன். அவனுக்கு நினைவில்லை. அக்காளின் கூட்டாளி செத்தது தெரியுமா என்றேன். அதுவும் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கருவியில், ஒருத்தி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள், ஒருவன் ஒளிந்துகொண்டிருந்தான். கண்ணால் காணும் சகோதரனை நேசியாதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்ற புனித அருளப்பரின் வாதத்தைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறேன். அங்கே அந்தப் பையனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் தம்பியோடு நான் பேசியும் மூன்று மாதமாயிற்று.

அதனால் அவனிடம் அறிவுரை சொல்லவில்லை. உன் இத்தாலிக் கூட்டாளி தலவில் அன்னம்மாள் திருநாளுக்கு வந்தால் எங்கே தங்க வைப்பாய் என்று மட்டும் கேட்டேன். அந்தத் திருநாளில் ஓலைக் கொட்டில்களில் தங்கும் குடும்பங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். தமிழரும் சிங்களவருமாக ஆண்டுக்கு ஒரு தடவை சந்தித்து, போன ஆண்டு இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகள் வளர்ந்ததை அளந்து பார்த்துப் பிரிகிறார்கள். பையன் சற்று யோசித்தான். "அவன் வரமாட்டான் ஃபாதர்" என்றான். பிறகு, "வந்தால் என்ர கட்டிலைக் குடுத்திட்டு நான் விறாந்தையில படுப்பன்" என்றான். பிசிராந்தையாரைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருப்பானோ தெரியாது.

அடுத்த வாரம் அந்தப் பெயருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். தாய் முன்வரிசையில் இருந்தார். முடிந்தபின் மறுபடி வந்தார். மகள் அடுத்த ஆண்டு திருநாளோடு வந்துவிடுவாளாம். வந்ததும் இந்தியாவுக்குப் போய் அந்தக் கூட்டாளியின் வீட்டைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று நிற்கிறாளாம், அங்கே பிள்ளைகள் இருப்பார்களே என்று. அடையாளம் கொஞ்சம் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றால் இடக்கைப் பக்கம் கடல். முன்னால் ஒரு வேம்பு. திருநாட் காலத்தில் கோயில் மேளம் வீட்டுக்குள்ளே கேட்கும்.

"சுவாமி இந்தியாவுக்கெல்லாம் போய் வந்தனீங்கதானே. அது எந்த ஊராயிருக்கும்?"

இராமேசுவரம், தொண்டி, மணப்பாடு, வேளாங்கண்ணி என்று எனக்குத் தெரிந்த கரையூர்களைச் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை நிறுத்தி, ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து, செபமாலையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.